கூட்டுத் தோட்டத்தில் துண்டு எடுக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் கூட்டுத் தோட்டத்தைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது மாத வாடகை எவ்வளவு என்பதுதான். அடுத்தது தண்ணீர் இருக்கிறதா. இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் "சரிங்க, ஒரு துண்டு நம்ம பேர்ல போட்டு வைங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கத்துத் துண்டுக்காரர் யார், களை மண்டினால் என்ன ஆகும், பிள்ளைக்குப் பரீட்சை என்று இரண்டு மாதம் வர முடியாமல் போனால் செடியை யார் பார்ப்பது, மழைக்காலத்தில் எல்லாம் மூழ்கினால் வாடகை உண்டா இல்லையா, இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். புதுச்சேரியிலும் கடலூரிலும் நாலு குடும்பம் சேர்ந்து நிலம் பிடித்துக் காய்கறி போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் எங்கள் ஏற்பாடு. வில்லியனூர் தாண்டி உள்ளே போனால் 50 சென்ட் நிலம். நிலத்துக்காரர் வயதானவர், பிள்ளைகள் வெளிநாட்டில், நெல் போட ஆள் கிடைக்கவில்லை, பிளாட் போட்டு விற்கவும் அவருக்கு மனசு வரவில்லை. அதை 20 துண்டாகப் பிரித்து 20 குடும்பங்கள் எடுத்திருக்கிறோம். ஒரு துண்டு 2 சென்ட், ஏறக்குறைய 870 சதுர அடி. மிச்சம் 10 சென்ட் நடைபாதை, போர், தண்ணீர்த் தொட்டி, சாமான் அறை, எருக்குழி என்று போய்விட்டது. ஒரு துண்டுக்கு மாதம் 300 ரூபாய், சேரும்போது 2,000 ரூபாய் அட்வான்ஸ். அந்த 300-இல் பாதி நிலத்துக்காரருக்கு, பாதி மின்சாரம், காவல், பைப் ரிப்பேர் போன்றவற்றுக்கு. பணத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. மாதம் பிறந்தால் கட்டிவிடலாம், கட்டாதவரைக் கேட்டு வாங்கிவிடலாம். எங்கள் தோட்டத்தில் வாடகையை வைத்து ஒரு சண்டைகூட வந்ததில்லை. வந்த சண்டை எல்லாம் வரப்பை வைத்து, தண்ணீரை வைத்து, மருந்தடித்ததை வைத்துத்தான்.

நான் சொல்ல வருவதும் அதுதான். துண்டு எடுக்கிறவர் நிலத்துக்காரருக்குப் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஆனால் அன்றாடம் அவர் பதில் சொல்ல வேண்டியது வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு. விதிகளை எழுதும்போது அந்தப் பக்கத்து ஆள் நின்று பார்க்கிற இடத்திலிருந்து எழுத வேண்டும். அப்படி எழுதிய விதிகள்தான் எங்களிடம் நிலைத்திருக்கின்றன, மற்றவை காகிதத்திலேயே இருக்கின்றன.

காகிதம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நிலத்துக்காரரோடு வாய்ப்பேச்சில் ஆரம்பிக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம் போடலாம் என்பார்கள். காரணம் எளிது: 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேல் போகும் குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், செலவு உண்டு, அலைச்சல் உண்டு, அதைத் தவிர்க்கத்தான் இந்த 11 மாதம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை வெளியில் சொல்ல மாட்டார்கள். சாகுபடிக் குத்தகைதாரர்களைச் சட்டென்று வெளியேற்ற முடியாதபடி தமிழ்நாட்டில் 1955-லேயே பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. உழைக்கிறவனுக்கு அது நல்ல சட்டம்தான், ஆனால் எழுதிக் கொடுத்தால் நிலமே கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் நிலம் வைத்திருக்கும் பெரியவர்கள் மனதில் இன்னமும் இருக்கிறது. அந்தப் பயத்தை மதித்துப் பேசுங்கள். நாங்கள் குழுவாக ஒரே ஒப்பந்தம் போட்டோம். என்ன நோக்கத்துக்கு, எத்தனை காலத்துக்கு, யார் யார் என்று தெளிவாக எழுதி, வக்கீல் ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்து. முதல் வருஷம் 11 மாதம் போட்டோம், அப்புறம் அவருக்கே நம்பிக்கை வந்து மூன்று வருஷத்துக்குப் பதிவு செய்து கொடுத்தார். மூன்று வருஷமாவது வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். மட்கு போட்டு, சருகால் மண்ணை மூடி மூடாக்குப் போட்டு, பலதானியம் விதைத்து மடக்கி உழுது மண்ணைத் தேற்ற ஒரு வருஷம் போதாது. 11-ஆவது மாதம் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று நினைக்கிறவர் மண்ணுக்கு எதையும் போட மாட்டார், எடுக்கத்தான் பார்ப்பார்.

இங்கிலாந்தில் இதே மாதிரித் துண்டு நிலங்களுக்கு அலாட்மென்ட் என்று பெயர். அங்கேயும் 1908-இல்தான் அதற்கான முக்கியச் சட்டம் வந்தது. ஆறு வாக்காளர்களோ வரி கட்டுகிறவர்களோ சேர்ந்து எழுதிக் கேட்டால் உள்ளாட்சி மன்றம் அந்தக் கோரிக்கையைக் கணக்கில் எடுத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒரு முழுத் துண்டு என்பது பழைய அளவில் 10 ராட், நம் கணக்கில் ஆறேகால் சென்ட். எங்கள் துண்டைப் போல மூன்று மடங்கு. எனக்கு அவர்கள் சட்டத்தில் மிகவும் பிடித்தது காலி செய்யச் சொல்லும் விதி. 1950-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சாதாரணமாக ஒருவரை வெளியேறச் சொல்ல வேண்டுமென்றால் 12 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்தக் கெடுவும் ஏப்ரல் 6-க்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் செப்டம்பர் 29-க்கு மேல் முடிய வேண்டும். அதாவது பயிர் வயலில் நிற்கும்போது ஆளை எழுப்பக் கூடாது. வாடகை பாக்கி வைத்தாலோ விதியை மீறினாலோ அது வேறு கதை, ஒரு மாத நோட்டீஸ் போதும். இதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்: ஆடியில் விதைத்தது தை அறுவடை முடியும்வரை நிலத்தைத் திரும்பக் கேட்பதில்லை. நிலத்துக்காரர் உடனே ஒத்துக்கொண்டார். நாற்று நட்டவனை நடுவில் எழுப்புவது பாவம் என்பது அவருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜெர்மனியிலும் இப்படித் தோட்டங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. 1983-இல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். துண்டு 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, உள்ளே கட்டும் குடில் 24 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. அத்தோடு, துண்டில் மூன்றில் ஒரு பங்காவது காய், கனி விளைவிக்க வேண்டும் என்று அவர்கள் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இந்தக் கடைசி விஷயம் நமக்கும் ரொம்ப முக்கியம். ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்காலி போட்டு உட்கார மட்டும் ஒருவருக்கு இடம் போய்விட்டால், கீரை போட ஆசையாகக் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு இடம் இல்லாமல் போகிறது. எங்கள் விதியில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்திருக்கிறோம். 2 சென்ட்டில் அதற்குக் குறைத்தால் ஒன்றும் தேறாது.

சரி, களைக்கு வருகிறேன்.

சும்மா கிடக்கும் துண்டு சும்மா கிடப்பதில்லை. எங்கள் பக்கத்து மண் வண்டல் கலந்த களி, ஈரம் பட்டால் கோரை கிளம்பிவிடும். மேலே அரிவாளால் அறுத்தால் சுத்தமாகத் தெரியும், நாலாம் நாள் மறுபடி முளைத்திருக்கும். மண்வெட்டி போட்டுத் தோண்டிப் பார்த்தால் கறுப்புக் கறுப்பாகக் கிழங்கு, ஒன்றிலிருந்து நூல் போல வேர் ஓடி அடுத்தது, அதிலிருந்து இன்னொன்று, மணி கோத்தாற்போல வரப்புக்கு அடியில் போய்க்கொண்டே இருக்கும். அது வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. ஒருவர் இரண்டு மாதம் வரவில்லை என்றால் இரு பக்கத்துத் துண்டுக்காரர்களும் அடுத்த பட்டம் முழுக்கக் கோரைக் கிழங்கு பொறுக்க வேண்டும். பார்த்தீனியம் இன்னும் மோசம், பூக்க விட்டால் விதை தோட்டம் முழுக்கப் போகும், தொட்டால் அரிக்கும், சிலருக்கு மூச்சிரைப்பும் வரும். அதனால் பார்த்தீனியம் யார் துண்டில் இருந்தாலும், பூப்பதற்கு முன் யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று விதி. மற்றபடி அடுத்தவர் துண்டில் காலே வைக்கக் கூடாது.

நோய் விஷயத்தில் ஒரு சம்பவம் சொல்கிறேன், இதிலிருந்துதான் எங்கள் முக்கியமான விதி ஒன்று வந்தது. ஐடியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வெண்டை போட்டிருந்தார், நல்ல விளைச்சல். ஒரு நாள் காலையில் அவருக்கு அடுத்த துண்டுக்காரர், கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் காட்டினார். இலை பச்சைதான், நரம்பு மட்டும் வலை பின்னின மாதிரி மஞ்சளாக ஓடியிருந்தது.

"தம்பி, இந்த நாலு செடியைப் புடுங்கிடுப்பா. மஞ்சள் நரம்பு வந்துடுச்சு பாரு."

"இன்னும் காய்க்குதே அங்கிள், ஒரு வாரம் போகட்டும்."

"காய்க்கும்பா, யாரு இல்லேன்னா? ஒரு வாரத்துல வெள்ளை ஈ இங்கேருந்து என் செடிக்கு வந்துடும். என்னோடது இப்பதான் பூ எடுக்குது."

அந்தத் தம்பி பிடுங்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, காய்க்கிற செடியைப் பிடுங்க யாருக்கும் மனசு வராது. பத்துப் பன்னிரண்டு நாளில் கண்டக்டர் ஐயாவின் வெண்டை முழுக்க மஞ்சள். காய் வெளிறி, சின்னதாக, கையில் ஒடித்தால் ஒடியாமல் நார் நாராக. இது வைரஸ் நோய், வந்த செடிக்கு மருந்து கிடையாது. வெள்ளை ஈ நோய்ச் செடியில் உறிஞ்சிவிட்டு நல்ல செடியில் போய் உட்கார்ந்தால் பரவிவிடும். ஆரம்பத்திலேயே நாலு செடியைப் பிடுங்கியிருந்தால் இரண்டு துண்டும் தப்பியிருக்க வாய்ப்பு இருந்தது. அடுத்த கூட்டத்தில் அந்தத் தம்பியே எழுந்து நின்று இதற்கு விதி போடலாம் என்றார். இப்போது விதி இதுதான்: மஞ்சள் நரம்பு கண்ட வெண்டையை இரண்டு நாளுக்குள் பிடுங்கி, பையில் கட்டி, வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும், எருக்குழியில் போடக் கூடாது. ஊரில் இல்லாவிட்டால் போன் செய்து சொன்னால் போதும், பக்கத்துத் துண்டுக்காரர் பிடுங்கிவிடுவார்.

தமிழ்நாட்டுக்கு 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது நினைவிருக்கிறதா? கோவைப் பக்கம் முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. மருந்தடித்து மாளவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து வளர்த்து விட்ட பிறகுதான் அடங்கியது. ஒரு தோட்டத்துக்காரர் மட்டும் தன் வேலிக்குள் சுத்தமாக இருந்து அந்தப் பூச்சியைத் தடுத்திருக்க முடியாது. அதனால்தான் எங்கள் தோட்டத்தில் புதிதாக நாற்று எங்கிருந்து வாங்கினாலும், முதலில் சாமான் அறைக்கு வெளியே வைத்து, இலையின் அடிப்பக்கம் திருப்பிப் பார்த்த பிறகே உள்ளே எடுத்துப் போகிறோம். சின்ன வேலைதான், ஆனால் யாரும் விட்டுவிடக் கூடாது.

மருந்து பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. எல்லோரும் இயற்கை வழியில்தான் போக வேண்டும் என்று சிலர், வீட்டுக்குச் சாப்பிடுகிறதுதானே, கொஞ்சம் அடித்தால் என்ன என்று சிலர். என் கருத்தில் நான் உறுதியாக நின்றேன், இப்போதும் நிற்கிறேன்: 2 சென்ட் துண்டில் ரசாயனம் அடிப்பது தனி ஆளின் விருப்பமாக இருக்க முடியாது. காற்று அடித்தால் பக்கத்துக் கீரையில் படிகிறது, அந்தக் கீரையை அன்று சாயங்காலமே ஒரு வயதான அம்மாவோ கைக்குழந்தையோ சாப்பிடப் போகிறார்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறியில் அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தது, ஆனாலும் பல வருஷம் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கிளைபோசேட் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. வீட்டுக்காரர் பாட்டில் வாங்கி வரப்பில் ஊற்றுவதற்கு அதில் இடமே இல்லை. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது வேப்பங்கொட்டைக் கரைசல், ஐந்திலைக் கரைசல், மஞ்சள் ஒட்டுப்பொறி, அவ்வளவுதான். வேப்பங்கொட்டை 10 லிட்டருக்கு அரை கிலோ பருப்பு, இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். இதையும் பக்கத்துத் துண்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தான். அவர் அன்றைக்குக் கீரை அறுக்கப் போகிறாரா என்று கேட்டுக்கொள்வதில் என்ன கஷ்டம்?

மயில் வருகிறது, எலி வருகிறது. விஷம் வைக்கக் கூடாது. மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, அடித்தாலோ விஷம் வைத்தாலோ ஜெயில். நாற்றுப் பருவத்தில் வலை போடுங்கள், பிறகு அது அதிகம் தொல்லை செய்வதில்லை.

தண்ணீர்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். புதுச்சேரியில் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டிருப்பதை எல்லோரும் அனுபவிக்கிறோம். அளவுக்கு மேல் உறிஞ்ச உறிஞ்சக் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. எங்கள் போரில் இன்னும் நல்ல தண்ணீர்தான், அது அப்படியே இருக்க வேண்டும். அதனால் போரிலிருந்து நேராகப் பாய்ச்சல் கிடையாது. 10,000 லிட்டர் தொட்டியை நிரப்பி, அதிலிருந்து முறை வைத்து எடுக்கிறோம். ஒற்றைப்படைத் துண்டுகளுக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள், காலை எட்டு மணிக்கு முன், இல்லையென்றால் மாலை நாலரைக்குப் பின். ஒரு துண்டுக்கு இருபது நிமிஷம். பம்பு அறைச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது, கேட் வால்வைத் திறக்கும்போது நேரம் எழுத வேண்டும், மூடும்போதும் எழுத வேண்டும். இதற்கு ஆப் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். பலகையில் எழுதினால் அங்கே வந்து நிற்கிற எல்லோர் கண்ணிலும் படும், எங்கள் காவல்கார அம்மாவுக்கும் படும், அவரிடம் ஸ்மார்ட்போன் கிடையாது.

முறை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சொல்லிவிட்டு. போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண் வந்து என்னிடம் கேட்டாள், "அக்கா, இன்னிக்கு உங்க முறையை நான் எடுத்துக்கட்டுமா? நாளைக்கு நைட் டூட்டி முடிச்சு வர எட்டு ஆயிடும்." "எடுத்துக்கோம்மா, பலகைல பேரை மாத்தி எழுதிடு, இல்லன்னா நாளைக்கு நான் திறந்தா உன் பங்கையும் சேர்த்து எடுத்தேன்னு ஆயிடும்" என்றேன். அவள் என் பெயரை அழித்து அவள் பெயரை எழுதி, பக்கத்தில் அம்புக்குறி போட்டு, மறுநாள் கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் வால்வைத் தொட்டாள். இந்த இரண்டு நிமிஷ வேலை செய்யப்படாததால்தான் கிராமத்தில் வாய்க்கால் தகராறு போலீஸ் ஸ்டேஷன் வரை போகிறது. ஏரிப் பாசனத்தில் மடை திறக்க நீர்ப்பாய்ச்சி என்று தனி ஆள் வைத்து, அவருக்கு நெல் அளந்து, யாருக்கு எத்தனை நாழிகை என்று நம் ஊர்களில் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. அத்தனை கிராமத்துக்கும் அது பாய வேண்டுமென்றால் கட்டுப்பாடு இல்லாமல் முடியுமா?

கூட்டு வேலைக்கு மாதம் ஒரு ஞாயிறு. நடைபாதை, வடிகால், வேலி, எருக்குழி புரட்டல். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும், வர முடியாதவர் வேறு யாரையாவது அனுப்பலாம். வராததற்குப் பணம் கட்டுகிறேன் என்பதை நாங்கள் ஏற்பதில்லை. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பணம் கட்டித் தப்பலாம் என்று வைத்துவிட்டால் வசதி உள்ளவர்கள் கட்டுவார்கள், இல்லாதவர்கள் மண் வெட்டுவார்கள், ஆறே மாதத்தில் அது முதலாளியும் கூலியாளும் இருக்கும் தோட்டமாக மாறிவிடும். ஊரார் சேர்ந்து ஏரி, வாய்க்காலைச் செப்பனிட்ட குடிமராமத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் என்றுதான் கணக்கு இருந்தது. உடம்பு முடியாதவர்கள், கர்ப்பிணிகள், எழுபது தாண்டியவர்கள் வந்து நிழலில் உட்கார்ந்து விதை பிரித்தால் போதும், அதுவும் வேலைதான்.

மரம் வைக்கக் கூடாது. தென்னை, மா, முருங்கை எதுவும் கூடாது. முருங்கைதானே என்பார்கள், அதன் நிழல் பக்கத்துத் துண்டில் விழும், கம்பளிப்பூச்சி வந்தால் பிள்ளைகள் உள்ளே வர முடியாது, ஒரு காற்றுக்கு முறிந்து அடுத்தவர் பந்தல் மேல் சாயும். அத்தோடு மரம் வைத்தவருக்கு அந்த இடம் தன்னுடையது என்ற எண்ணம் வந்துவிடுகிறது, நிலத்துக்காரருக்கும் அதே சந்தேகம் வருகிறது. வாழை, பப்பாளி மட்டும் துண்டுக்கு இரண்டு, வரப்பிலிருந்து ஐந்தடி தள்ளி.

கட்டடமும் அப்படித்தான். பந்தல், மூங்கில் கம்பு, நிழல்வலை சரி. சிமென்ட், கான்கிரீட், தகர ஷெட் எதுவும் கூடாது. ஆனால் நம் ஊரில் பந்தலுக்கும் ஒரு காலம் உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது என்ன நடந்தது என்று பண்ருட்டி முந்திரிக்காரர்களையும் பலாக்காரர்களையும் கேட்டால் சொல்வார்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. இரண்டு நாளுக்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூர், பாகூர் பக்கமெல்லாம் வெள்ளம். ஆகவே ஐப்பசி பிறப்பதற்குள் உயரமான பந்தலை இறக்கிக் கட்ட வேண்டும், தனியாக நிற்கும் கம்பு, தகடு, பிளாஸ்டிக் டிரம் எல்லாம் சாமான் அறைக்குப் போய்விட வேண்டும். ஒருவர் விட்டுவைத்த தகரத் துண்டு காற்றில் பறந்து யார் மேல் விழும் என்று தெரியாது. ஒவ்வொருவரும் தன் துண்டைச் சுற்றி ஒரு அடி ஆழ வடிகாலைத் தூர் எடுத்து வைக்க வேண்டும். நடுவில் ஒருவர் எடுக்காமல் விட்டால் அவருக்கு மேல்புறம் இருக்கிற எல்லோர் துண்டிலும் தண்ணீர் தேங்கும். வெள்ளத்தில் பயிர் போனால் அந்த மாதமும் அடுத்த மாதமும் பாதி வாடகை என்று நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் ஒப்பந்தம் போடும்போது இதை முன்னாலேயே கேட்டு வாங்குங்கள், வெள்ளம் வந்த பிறகு கேட்டால் இருவருக்குமே சங்கடம்.

ஆடு, மாடு, கோழி வளர்க்க எங்களிடம் அனுமதி இல்லை. இங்கிலாந்தில் 1950 சட்டப்படி கோழியும் முயலும் வளர்க்கலாம், ஆனால் சேவல் மட்டும் கூடாது, அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடும் என்று. எருக்குழியில் கறி, மீன், சமைத்த சோறு போடக் கூடாது, போட்டால் ராத்திரிக்கு நாயும் எலியும் வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். சருகை எரிக்கவும் கூடாது, அது மூடாக்குக்கு ஆகும்.

விளைந்தது முதலில் வீட்டுக்கு. மிஞ்சினால் பம்பு அறைத் திண்ணையில் ஒரு கூடை இருக்கிறது, அதில் போட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கத்தரி ஒரேயடியாகக் காய்க்கும் சமயத்தில் தெருவில் தெரிந்தவர்களுக்கு விற்பதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் விற்பதற்கென்றே துண்டு முழுக்க ஒரே பயிர் போடுவது, துண்டை இன்னொருவருக்கு உள்குத்தகைக்கு விடுவது, இரண்டும் நேராக வெளியேற்றம். ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டுதான்.

கணக்கு விஷயத்தில் நம் பழைய ஆட்கள் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு உத்திரமேரூர் கல்வெட்டு இருக்கிறது. பராந்தக சோழன் காலம், 919-லும் 921-லும் வெட்டியது. அங்கே ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். முந்தைய மூன்று வருஷத்தில் வாரியம் செய்தவர்களுக்கு இடம் இல்லை, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களுக்கும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்கும்கூட இடம் இல்லை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே தோட்டத்துக்குக் குழு வைத்து, கணக்குக் கேட்டிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. நாங்களும் மூன்று பேர் கொண்ட குழுவை வருஷாவருஷம் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறோம், போன வருஷத்து ஆள் தொடரக் கூடாது, மாதக் கணக்கு அதே பம்பு அறைச் சுவரில் ஒட்டப்படும்.

வர முடியாமல் போனால் என்ன செய்வது என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா. மூன்று வாரம் ஆள் வராமல், தகவலும் இல்லாமல் இருந்தால் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்வார். திட்டுவதற்காக இல்லை, என்ன ஆயிற்று என்று விசாரிக்க. உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம், பிள்ளைக்குப் பரீட்சை என்றால் பக்கத்து இரண்டு துண்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு பட்டம் வரை பார்த்துக்கொள்வார்கள், விளைச்சலில் பாதி அவர்களுக்கு. காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் எழுத்தில் ஒரு கடிதம், இரண்டு வாரக் கெடு, அதன் பிறகு துண்டு காத்திருப்பவருக்குப் போய்விடும். இந்த விதியைக் கண்டு பயப்பட வேண்டாம். இதுவரை கடிதம் கொடுக்க வேண்டி வந்தது மிகக் குறைவு, போன் பேசினாலே பாதி விஷயம் சரியாகிவிடுகிறது.

விட்டுப் போகிறவர் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். நிற்கிற பயிரை அறுத்துக்கொள்ளலாம், ஆனால் மண்ணையோ மட்கையோ அள்ளிக்கொண்டு போகக் கூடாது. கோரைக் கிழங்கு பொறுக்கி, பிளாஸ்டிக் கயிறு, நாற்றுப் பை எல்லாம் எடுத்து, வரப்புக் கட்டி, ஒரு சால் பலதானியமோ தட்டைப்பயறோ விதைத்துக் கொடுத்தால் 2,000 ரூபாயும் முழுசாகத் திரும்ப வரும். இல்லையென்றால் ஆள் வைத்துச் சுத்தம் செய்த கூலி போக மிச்சம். சாமான் அறைச் சாவியைக் காவல்கார அம்மாவிடம் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த ஆடிப் பட்டத்துக்கு இரண்டு துண்டு காலியாகிறது. வேண்டும் என்கிறவர்கள் பணத்தோடு வர வேண்டாம், முதலில் கூட்டு வேலை நடக்கும் ஞாயிறு ஒன்றுக்கு வாருங்கள், தொப்பியும் குடிக்கத் தண்ணீரும் கொண்டு வந்தால் போதும், மண்வெட்டி நாங்கள் தருகிறோம். உங்களுக்கு இரண்டு பக்கமும் யார் இருக்கப் போகிறார்கள் என்று பார்த்துப் பேசுங்கள், விதித்தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் வீட்டில் எல்லோரும் படியுங்கள், பிடிக்காத விதி இருந்தால் கேளுங்கள், மாற்ற வேண்டியது என்றால் கூட்டத்தில் வைத்து மாற்றலாம். கையெழுத்தும் அட்வான்ஸும் அதற்கு அடுத்த வாரம்.